தரங்கம்பாடியில் ஒரு நாள்: விடியலில் இறங்கி அந்தியில் கிளம்ப ஒரு முழுமையான வழிகாட்டி

வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகிற வேன்கள் வழியில் தரங்கம்பாடியில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாரும் இறங்குவார்கள். கோட்டை முன்னால் ஒரு போட்டோ, கடற்கரையில் ஒரு பொட்டலம் சுண்டல். முக்கால் மணி நேரத்தில் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். "டேனிஷ் கோட்டை பார்த்தாச்சு" என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அவர்கள் பார்த்தது கோட்டையை மட்டும்தான், ஊரை அல்ல.

பழைய ஊர் மொத்தமும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வண்டியே தேவையில்லை, நடந்தே பார்த்துவிடலாம். சிக்கல் தூரத்தில் இல்லை, வரிசையில்தான். எந்த நேரத்தில் எங்கே வெயில் அடிக்கும், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாமல் போனால், மதியம் பன்னிரண்டு மணிக்கு நிழலே இல்லாத மைதானத்தில் நின்றுகொண்டு "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் கேட்டேன்.

கிளம்பும் முன்

முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கி, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். ஞாயிறும் அவ்வளவு வசதி இல்லை. காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப்பார்க்க உள்ளே போவது முறையல்ல. மாலையில் கடற்கரையில் கூட்டம் தாங்காது. செவ்வாய், புதன் மாதிரி ஏதாவது ஒரு நாள் உத்தமம். அரசு விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. தை பிறந்ததும் மழை ஓய்ந்து, காற்று இதமாக, வெயில் பொறுக்கும்படி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் கொட்டித் தீர்க்கும். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கத்தரி வெயிலில் போவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பொறையார் வழியாகப் பேருந்து உண்டு. சிதம்பரம், சீர்காழி பக்கமிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பேருந்துகள் தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறக்கிவிடும். விடியலில் கடற்கரையில் நிற்க வேண்டுமானால் முந்தைய இரவு காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ தங்குவது நல்லது. காரைக்கால் பக்கத்திலேயே இருக்கிறது, அறைகளும் அதிகம். தரங்கம்பாடியிலேயே கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று விடுதியாக இருக்கிறது. வாடகை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

இன்னொன்று. "ஒரே நாளில் பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி" என்று திட்டம் போடாதீர்கள். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பாதி நாள் போய்விடும். நடை சாத்துகிற நேரத்தைத் துரத்திக்கொண்டே மீதியும் போய்விடும்.

பையில் ஒரு தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், சில்லறை. சில்லறை அவசியம். கோட்டையில் நுழைவுக் கட்டணம் சிறு தொகைதான், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் முறைப்பார்கள். செருப்பைவிட ஷூ நல்லது. கோயிலுக்கும் போகப்போகிறீர்கள் என்பதால் சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும்.

விடியல்: கடலும் மாசிலாமணி நாதரும்

ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் கடற்கரையில் இருங்கள். கிழக்குப் பார்த்த கரை, சூரியன் நேராகக் கடலுக்குள்ளிருந்து எழும்பும். கோட்டை மதிலுக்கு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீரை ஒட்டினாற்போல ஒரு கோயில். அதுதான் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ஐ ஒட்டி எழுந்தது. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு துறைமுக ஊர் இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. அதனால்தான் நாளை இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். கோட்டையிலிருந்து தொடங்கினால் ஊரின் வரலாறே டென்மார்க்காரர்கள் வந்த 1620-இல் தொடங்கியது மாதிரி மனதில் பதிந்துவிடும்.

இப்போது நீங்கள் பார்க்கும் கோயிலில் பெரும்பகுதி அண்மையில் புதுப்பித்துக் கட்டியது, வண்ணமும் புதிது. பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மேலும் அரிக்காமலிருக்கக் கரையில் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை பின்வாங்கும்போது கற்களின் இடுக்கில் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேளுங்கள், 'களக் களக்' என்று குடம் நிரம்புகிற மாதிரி இருக்கும். அந்தக் கற்கள்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்க வேண்டாம். பாசி பிடித்தவை, வழுக்கும். இங்கே கடலில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம்.

ஊர்ப்பெயருக்கு 'பாடும் அலைகளின் ஊர்' என்று எல்லா இடத்திலும் பொருள் எழுதியிருப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, சரி. ஆனால் 'பாடி' பாட்டுப் பாடுவதல்ல. வாணியம்பாடி, காட்பாடி மாதிரி ஊர் என்று பொருள்படும் பாடிதான் அது. போதாக்குறைக்கு, கோயில் கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி என்றே இருக்கிறது. அலை பாடுவதெல்லாம் நாம் பின்னால் சேர்த்துக்கொண்டது. 'ஓசோன் நிறைந்த காற்று' என்று பெருமையாகச் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தரை மட்டத்தில் ஓசோன் அதிகம் இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். நல்ல உப்புக்காற்று, அவ்வளவுதான். அதுவே போதும்.

ஏழு மணிவாக்கில் மீனவர் குடியிருப்புப் பக்கம் படகுகள் கரை சேரும். ஏலம் நடக்கும் இடத்தில் ஓரமாக நின்று பார்க்கலாம். சங்கரா, கிழங்கான், வாளை, நெத்திலி என்று கூடை கூடையாக இறங்கும். கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையை அடித்துப் போட்டது. ஊரில் அதற்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். "சுனாமி வந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று ஆர்வக்கோளாறில் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலைப் பக்கம் திரும்ப வேண்டும். பழைய ஊருக்குள் கடைகள் மிகக் குறைவு. நிறுத்தத்துக்கு அருகே இட்லி, பொங்கல், டீ கிடைக்கும். நன்றாகவே சாப்பிட்டுக்கொள்ளுங்கள், மதியம் தாமதமாகும்.

எட்டரை மணி: நகர வாசல் வழியாக உள்ளே

கடற்கரைக்குக் குறுக்குவழியில் போயிருந்தாலும், இப்போது முறைப்படி வாசல் வழியாக ஊருக்குள் நுழையுங்கள். வெள்ளையடித்த அந்த வாசல் 1792-இல் கட்டப்பட்டது. மேலே டென்மார்க் அரச முத்திரை இருக்கும். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது, இது மேற்கு வாசல். இப்போது அதன் வழியாகத்தான் ஸ்கூட்டரும் ஆட்டோவும் போய்வருகின்றன. வாசலுக்குள் நின்று நேர் கிழக்கே பாருங்கள். தெரு ஒரே கோடாகக் கடலை நோக்கிப் போகும். அதுதான் ராஜ வீதி, ஊர்க்காரர்களுக்குக் கிங்ஸ் ஸ்ட்ரீட். பக்கவாட்டில் குவீன்ஸ் ஸ்ட்ரீட், அட்மிரல் ஸ்ட்ரீட், கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் என்று பெயர்களே ஒரு பழைய வரைபடம் மாதிரி.

இந்தத் தெருவில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் தேவாலயம் 1701-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. 1707-இல் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையின் முதல் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான். இன்னொன்று புதிய எருசலேம் தேவாலயம். இதன் முன் நிதானமாக நில்லுங்கள். முகப்பில் ஒரு மகுடம், அதன் கீழ் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் எழுத்து முத்திரை, 1718 என்ற ஆண்டு. முதலில் கட்டிய எருசலேம் ஆலயத்தைக் கடல் சேதப்படுத்தியதால் இது 'புதிய' எருசலேம். கட்டடம் சிலுவை வடிவம். டென்மார்க் மன்னர் அனுப்பிய பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை உள்ளே இருக்கிறது.

பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்போம். அவர் இந்தக் கரையில் வந்து இறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள் அவருக்கு 24 வயது. மணலில் எழுதிப் படிக்கும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதிக் கற்றார் என்பார்கள். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிட்டார். 1719-இல் இறந்தபோது வயது 36. அவர் வாழ்க்கையில் இன்னொரு கதையைப் பாக்கி வைக்கிறேன், கோட்டைக்குப் போனதும் சொல்கிறேன்.

கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். சபையின் பொறுப்பாளர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார். "உள்ளே பார்க்கலாமா ஐயா?" என்று பணிவாகக் கேட்டால் திறந்துவிடுவார். எனக்குத் திறந்துவிட்டவர் ஒரு விளக்குமாற்றோடு கூடவே வந்து, கல்லறைக் கல்லின்மேல் கிடந்த வௌவால் எச்சத்தைக் கூட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

பத்து மணி: டேன்ஸ்போர்க் கோட்டை

ராஜ வீதி முடியும் இடத்தில் ஒரு திறந்த மைதானம், அணிவகுப்புத் திடல். அதைத் தாண்டினால் மணல் நிறத்தில் கோட்டை. கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பதினொன்றரை ஆனால் முற்றத்தில் கால் வைக்க முடியாது.

உள்ளே போகும் முன் இதன் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 1620-இல் ஓவ் ஜெட்டே என்ற டேனிஷ் தளபதி தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்தார். மிளகு வாணிகம்தான் நோக்கம். ஆண்டுக்கு 3,111 ரூபாய் கப்பம் என்பது பேச்சு. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் 1845 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, இது டென்மார்க்கின் ஊர். அந்த ஆண்டு வங்காளத்துச் சிராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

முதன்மைக் கட்டடம் இரண்டு தளம். கீழே கிடங்கு, வெடிமருந்து அறை, சிறை. மேலே ஆளுநரும் பாதிரியாரும் வாழ்ந்த அறைகள், ஆலயம். நடுக்கூடத்தின் மேல் ஒட்டகத் திமில் மாதிரி நான்கு குவிமாடங்கள், அவற்றின் பாரத்தை நடுவில் ஒற்றைத் தூண் தாங்கும். அண்ணாந்து பாருங்கள். வளைவுகள் குடை மாதிரி விரிந்து அந்தத் தூணில் வந்து கூடுவது தெரியும். அருங்காட்சியக அறைகளில் பீங்கான் பாத்திரங்கள், சீனத் தேயிலை ஜாடிகள், வாள்கள், டேனிஷ் ஆவணங்கள், பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கலத்தின் எலும்பு. பெரிய சேகரிப்பு அல்ல. முக்கால் மணி நேரம் போதும்.

அருங்காட்சியகத்தைவிட எனக்குப் பிடித்தது சுவர்கள். பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்து நெருங்கிப் போங்கள். மெல்லிய செங்கல், இடையில் தடிமனாகச் சுண்ணாம்புச் சாந்து. உப்புக்காற்று செங்கல்லைத் தின்றுவிட்டது, சாந்து நிற்கிறது. தேனடையைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி குழி குழியாக இருக்கும். விரலால் சுரண்ட வேண்டாம், தொட்டாலே பொடி உதிர்கிறது.

கீழே இறங்கிச் சிறை அறைக்குள் போங்கள். வாசலில் குனிய வேண்டும். உள்ளே வௌவால் வாடை. கண் பழக ஒரு நிமிடமாகும். கொஞ்ச நேரம் முன்பு பாக்கி வைத்த கதை இதுதான். சீகன்பால்குவைச் சிறைவைத்தது நம் ஊர் ராஜா யாரும் அல்ல, டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ். ஒரு ஏழைத் தமிழ் விதவைக்காகப் பரிந்து பேசி ஆளுநரோடு மோதியதில், 1708 இறுதியில் பிடித்து நான்கு மாதம் இந்தக் கோட்டைக்குள் அடைத்துவைத்தார். மன்னர் அனுப்பிய பாதிரியாரை அந்த மன்னரின் ஆளுநரே அடைத்தார். தாளும் மையும் கொடுக்காமல் வைத்தார்களாம். எழுதுகிறவனுக்கு அதைவிடத் தண்டனை வேண்டுமா?

மேல்தளத்தில் கடலைப் பார்த்த பக்கம் பீரங்கிகள் வரிசையாக இருக்கும். அங்கே காற்றும் வரும், நிழலும் கிடைக்கும். உட்கார்ந்து இன்னொரு கதையைக் கேளுங்கள். 1639-க்குப் பிறகு 29 ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து இந்தக் கோட்டைக்கு ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. ஐரோப்பாவில் போர், கஜானா காலி, டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியே கலைக்கப்பட்டுவிட்டது. இங்கே இருந்தவர்கள் நோயில் செத்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். 1655-இல் கோட்டையில் மிஞ்சிய டேனியர் ஒரே ஒருவர். எஸ்கில் கோங்ஸ்பக்கே என்ற சாதாரண சிப்பாய். கப்பம் கேட்டுத் தஞ்சைப் படை வந்து மிரட்டியது. அவர் உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு வங்கக் கடலில் கப்பல்களை மடக்கி, அந்த வருமானத்தில் கோட்டையையும் காத்து ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் ஒருவழியாகக் கப்பல் வந்தபோது டேனிஷ் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. அடிவானத்தைப் பார்த்தபடி பதினான்கு வருடம் தனியாக உட்கார்ந்திருந்த அந்த ஆளை நினைத்தால், இந்த மேல்தளத்தில் வீசும் காற்றுக்கே வேறு எடை வந்துவிடுகிறது. ஊரில் அவர் பெயரில் எதுவும் என் கண்ணில் படவில்லை.

வெளியே வந்ததும் திடலை ஒட்டி உயரமான வெள்ளைத் தூண்களோடு ஆளுநர் பங்களா. 1784-இல் அரசு விலைக்கு வாங்கியது, பாழடைந்து கிடந்து பிறகு மராமத்து ஆனது. முகப்பைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

மதியம்: சாப்பாடும் ஒதுங்கலும்

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எதையும் பார்க்க முயல வேண்டாம். மீன் சாப்பாடு வேண்டுமானால் நெடுஞ்சாலை ஓரக் கடைகள், சைவம் என்றால் ஆட்டோ பிடித்து 2 கிலோமீட்டரில் பொறையார். ஒரு முறை 'கடல் பார்த்த உணவகம்' என்று பலகை மாட்டிய ஓரிடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் வந்தது ஐஸில் கிடந்த மீன். காலையில் இறங்கிய மீன் எது என்று கேட்டு, அதை மட்டும் வாங்குங்கள்.

பொறையாருக்குப் போனால் கடுதாசிப்பட்டறை என்ற இடம் எங்கே என்று விசாரியுங்கள். பார்க்க ஒன்றும் இல்லை, பெயர்தான் விஷயம். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து 1713 வாக்கில் தரங்கம்பாடியில் அச்சு வேலை தொடங்கியது. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் பெரிய பெரியதாக இருந்ததால் தாள் கட்டுப்படியாகவில்லை. சீஸ் அடைத்துவந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. தாளுக்காகப் பொறையாரில் ஒரு பட்டறையும் போட்டார்கள். முந்நூறு வருடம் ஆகியும் ஊர் வாயில் அந்தக் கடுதாசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது 1715-இல். 'தமிழின் முதல் அச்சகம்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள், ஆனால் அது சரியல்ல. 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது.

மூன்று மணி: பக்கத் தெருக்கள்

வெயில் சாயத் தொடங்கியதும் அட்மிரல் ஸ்ட்ரீட்டில் சீகன்பால்கு இல்லத்துக்குப் போங்கள். அவர் வாழ்ந்த இடத்தில் 2017-இல் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அச்சு எப்படி நடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க இதுதான் இடம். மதியச் சாப்பாட்டில் படித்த எழுத்து வார்ப்புக் கதை இங்கே உயிர் பெறும்.

அப்புறம் எந்தத் திட்டமும் இல்லாமல் நடங்கள். கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டில் திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு போட்ட வீடுகள் சிலவற்றைப் பழையபடி சீரமைத்திருக்கிறார்கள். ராஜ வீதியின் ஐரோப்பிய வீடுகளில் மரச் சட்டம் அடித்த உயரமான ஜன்னல்கள். இரண்டு பாணியும் ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடித்திருப்பதைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் வீட்டு முன் நம் திண்ணை, நம் வீட்டு முகப்பில் அவன் தூண். பள்ளிவாசல், மாதா கோயில், சிவன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

இவ்வளவு பழைய கட்டடங்கள் எப்படித் தப்பின என்று யோசித்தால் விடை எளிது. இடித்துக் கட்ட யாரிடமும் காசு இல்லை. ஆங்கிலேயர் வாங்கிய பிறகு கொஞ்ச காலம் இதுதான் மாவட்டத் தலைநகர், கலெக்டர் இங்கே இருந்தார். 1860-இல் அதைத் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, கப்பல்கள் அங்கே போய்விட்டன. ஊர் அப்படியே நின்றுவிட்டது.

மரங்களில் ஒரு சின்னப் புறா தென்படலாம். செங்கல் நிற உடம்பு, கழுத்தின் பின்னால் கறுப்புப் பட்டை. அதன் அறிவியல் பெயரிலேயே இந்த ஊர் இருக்கிறது: ஸ்ட்ரெப்டோபீலியா ட்ராங்க்யூபாரிக்கா. சேற்று நண்டு வகை ஒன்றுக்கும் அதே ட்ராங்க்யூபாரிக்கா. இங்கே வேலை பார்த்த மிஷனரிகளும் மருத்துவர்களும் ஓய்வு நேரத்தில் செடி, பறவை, சிப்பி என்று எதையும் விடாமல் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியதன் விளைவு இது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-இல் இங்கே மருத்துவராக வந்தவர்தான். மதியம் நண்டு சாப்பிட்டிருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தி

நான்கரை மணிக்கு மேல் கோட்டையின் ஊர்ப்பக்கச் சுவரில் வெயில் விழும். காலையில் வெளுத்துக் கிடந்த சுவர் இப்போது மஞ்சள் கிழங்கு நிறத்துக்கு வந்துவிடும். போட்டோ எடுக்க இதுதான் நேரம், திடலில் நின்று எடுங்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், பந்து வரும், பார்த்து. சுண்டல், பஜ்ஜிக் கடைகள் போட்டிருப்பார்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், ஊருக்குள்தான் இறங்கும். கடலில் அஸ்தமனம் எதிர்பார்த்து வந்து ஏமாந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆறேகாலுக்குக் கிளம்பிவிடுங்கள், குறிப்பாக மயிலாடுதுறையில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள். வாசலைத் தாண்டி நிறுத்தத்துக்கு நடக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு பேருந்துக்கு நெடுநேரம் நிற்க வேண்டிவரும். ஒரு காலத்தில் இந்த அவசரமே இல்லை. 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள், கடலுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன். எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வயதானவர் யாராவது உட்கார்ந்தால் அந்த ரயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மயிலாடுதுறை வரும் வரை பேச்சு ஓயாது.